கோல்ஃப் கார்ட் பாதையைப் பகிர்ந்துகொள்வது எப்படி? பீச்ட்ரீ சிட்டிக்குக் குடிவந்தோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அட்லாண்டாவுக்குத் தெற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், ஜார்ஜியா மாநிலத்தின் ஃபாயெட் கவுன்ட்டியில் உள்ள பீச்ட்ரீ சிட்டி, 1959-இல் நகராட்சியாக உருவெடுத்த, தொடக்கம் முதலே திட்டமிட்டுக் கட்டப்பட்ட ஊர். குடியிருப்புகளையும் பள்ளிகளையும் கடைவீதிகளையும் ஏரிகளையும் இணைத்தபடி இந்த ஊருக்குள் ஏறத்தாழ 160 கிலோமீட்டர் நீளத்துக்குத் தனிப் பாதைகள் ஓடுகின்றன. காய்கறி வாங்கவும், பிள்ளைகளைப் பள்ளியில் விடவும், மாலையில் நண்பர் வீட்டுக்குப் போகவும் கோல்ஃப் கார்ட்டை (கோல்ஃப் திடலில் ஓட்டும் கதவில்லாத சிறு வண்டி) எடுத்துச் செல்வது இங்கே அன்றாட வழக்கம். புதிதாகக் குடிவரும் தமிழ்க் குடும்பங்களும், அவர்களைப் பார்க்க ஊரிலிருந்து வரும் பெற்றோரும் இந்தப் பாதைகளைப் பற்றி எழுப்பும் கேள்விகளுக்கான விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன். விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், வண்டியை எடுக்கும் முன் நகராட்சி வெளியிட்டிருக்கும் அண்மைய விதித்தொகுப்பையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

இந்தப் பாதை யாருக்கு உரியது? கார்ட்டுக்கா, நடப்பவருக்கா?

இருவருக்கும் உரியது. மிதிவண்டியில் செல்பவர், ஓடிப் பயிற்சி செய்பவர், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துச் செல்பவர், சக்கர நாற்காலியில் செல்பவர் ஆகிய அனைவருக்கும் இது பொதுவான பாதை. “கார்ட் பாதை” என்று எல்லோரும் சொல்லிப் பழகிவிட்டதால், நடப்பவர்கள்தான் ஓரமாக ஒதுங்க வேண்டும் என்ற எண்ணம் சிலருக்கு வந்துவிடுகிறது. அந்த எண்ணம் தவறு. ஆட்கள் ஏறாத கார்ட்டே 400 முதல் 500 கிலோ வரை எடை கொண்டது. நான்கு பேர் ஏறினால் அது 700 கிலோவைத் தாண்டும். மோதினால் அடிபடப்போவது நடப்பவர்தான் என்பதால், வேகத்தைக் குறைக்கும் பொறுப்பும் காத்திருக்கும் பொறுப்பும் கார்ட் ஓட்டுபவருடையவை. கீழே வரும் விடைகள் பலவும் இந்த ஒரு கொள்கையிலிருந்து பிறப்பவையே: எடையும் வேகமும் கூடியவர் எவரோ அவரே முதலில் விட்டுக்கொடுக்க வேண்டும்.

எந்தப் பக்கமாகச் செல்ல வேண்டும்?

வலப்பக்கமாகச் செல்ல வேண்டும். நடந்தாலும், மிதிவண்டியில் போனாலும், கார்ட்டில் போனாலும் பாதையின் வலப்பாதியில்தான் செல்ல வேண்டும். முந்துபவர் இடப்பக்கமாக முந்த வேண்டும்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்திருக்கும் பெற்றோருக்கு இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். வாழ்நாள் முழுவதும் இடப்பக்கம் ஒதுங்கிப் பழகியவர்கள், பின்னால் வண்டிச் சத்தம் கேட்டதும் யோசிக்காமலேயே இடப்பக்கம் நகர்வார்கள். அவர்களை முந்தவரும் கார்ட்டும் அதே இடப்பக்கத்தில்தான் வந்துகொண்டிருக்கும். வாயால் சொல்வதோடு நிறுத்தாமல், முதல் சில நாட்கள் அவர்களோடு சேர்ந்து நடந்து, வண்டி வரும்போது எப்படி ஒதுங்குவது என்பதைப் பழக்கிவிடுவது நல்லது. நடைமேடை இல்லாத மோட்டார் சாலையில் நடப்பவர்கள் எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி இடப்பக்கமாக நடக்க வேண்டும் என்பதும் இந்நாட்டு வழக்கம் என்பதால், சாலைக்கு ஒரு பக்கம், பாதைக்கு வேறொரு பக்கம் என்ற குழப்பம் அவர்களுக்கு வரும். இரண்டையும் பிரித்துச் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

நடந்து செல்பவரைக் கார்ட்டில் எப்படி முந்துவது?

பாதையில் எழும் மனக்கசப்புகளில் பெரும்பாலானவை முந்தும்போது உண்டாகின்றன என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

பல இடங்களில் பாதையின் அகலம் எட்டு முதல் பத்து அடிதான். கார்ட் ஏறத்தாழ நான்கு அடி அகலம் கொண்டது. தள்ளுவண்டியோடு நடக்கும் ஒருவருக்கு மூன்று அடியாவது வேண்டும். எட்டடிப் பாதையில் இருவரும் பக்கம் பக்கமாக வந்தால் இடையில் மிஞ்சுவது ஓரடி மட்டுமே. அந்த ஓரடிக்குள் குழந்தை ஒரு கையை நீட்டலாம், நடப்பவர் தேங்கிய நீரைத் தவிர்க்க ஒரு காலை விலக்கி வைக்கலாம். ஜார்ஜியா மாநிலச் சாலைகளில் மிதிவண்டியை முந்தும் மோட்டார் வண்டி மூன்றடி இடைவெளி விட வேண்டும் என்று 2011-இல் சட்டம் வந்தது. அந்த மூன்றடியைப் பாதையிலும் அளவுகோலாக வைத்துக்கொண்டால், இடம் போதுமா போதாதா என்ற முடிவை எளிதாக எடுக்கலாம். போதாது என்றால் பாதை அகலும் இடம் வரும்வரை அவர் பின்னாலேயே மெல்லச் செல்ல வேண்டும்.

இடம் இருந்தாலும் முந்துவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. ஐம்பது அடிக்கு முன்பே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து வேகத்தைக் குறையுங்கள். மின்கார்ட்டுகள் ஏறக்குறைய ஓசையின்றி வருவதால், நடப்பவருக்கு நீங்கள் வருவது தெரிந்திருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். தொலைவிலேயே குரல் கொடுங்கள், அல்லது மணியடியுங்கள். அருகில் வந்தபின் ஹாரனை அழுத்துவது அவரைத் திடுக்கிட வைக்கும். அவர் திரும்பிப் பார்க்கும்வரை, அல்லது கையசைக்கும்வரை காத்திருங்கள். காதில் இயர்ஃபோன் மாட்டியிருந்தால் உங்கள் குரல் அவருக்குக் கேட்காமலே போகலாம். அப்போது இன்னொரு முறை சொல்லுங்கள். பிறகு நடக்கும் வேகத்தைவிடச் சற்றே கூடுதலான வேகத்தில் கடந்து, ஒரு நன்றி சொல்லி, பத்துப் பதினைந்து அடி தாண்டியபின் வேகத்தைக் கூட்டுங்கள். பெட்ரோல் கார்ட் ஓட்டுபவர்கள் இந்தக் கடைசிப் படியில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். அவரைத் தாண்டிய கணத்திலேயே மிதித்தால் புகை முழுவதும் அவர் முகத்துக்குத்தான் போகும்.

எதிரே இன்னொருவர் வந்துகொண்டிருக்கும்போது முந்தவே கூடாது. மூவர் ஒரே இடத்தில் சந்திக்கும்படி நேரத்தை அமைக்காமல், எதிரே வருபவர் கடந்த பிறகு முந்துவதால் உங்களுக்கு ஆகும் தாமதம் சில நொடிகள்தான்.

பின்னாலிருந்து “ஆன் யுவர் லெஃப்ட்” என்று குரல் கேட்டால் நான் என்ன செய்ய வேண்டும்?

இருந்த இடத்திலேயே, வலப்பக்கமாக, நேராக நடந்துகொண்டிருங்கள். உங்கள் இடப்பக்கமாக ஒருவர் கடக்கப்போகிறார் என்பதை அறிவிக்கும் குரல் அது. இடப்பக்கம் நகரச் சொல்லும் கட்டளை அல்ல. அந்தக் குரலைக் கேட்டு இடப்பக்கம் துள்ளி விலகும் முதியவர்களைப் பாதையில் நிறையவே பார்க்கலாம். ஒரு கையை லேசாக உயர்த்திக் காட்டினால், கேட்டுவிட்டீர்கள் என்பது பின்னால் வருபவருக்குத் தெரியும். குழுவாக நடப்பவர்கள் அந்தக் கணத்தில் ஒருவர் பின் ஒருவராக வரிசைக்கு மாறிவிட வேண்டும். நான்கு பேர் கைகோத்ததுபோல் பாதையை அடைத்துக்கொண்டு நடப்பதும், வேகமாக ஓட்டுவதைப் போலவே பிறர் உரிமையை மதிக்காத செயல்தான்.

எதிரெதிராக இரண்டு கார்ட்டுகள் குறுகிய இடத்தில் வந்தால் யார் ஒதுங்குவது?

இருவருமே வேகத்தைக் குறைத்து வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். பாதையை விட்டுப் புல்லில் இறங்கும் நிலை வந்தால், பாதுகாப்பாக இறங்க இடம் யார் பக்கம் இருக்கிறதோ அவர் நின்று வழிவிடுவதே நாகரிகம். மேட்டில் ஏறி வருபவருக்கு இறங்கி வருபவர் வழிவிடுவது நல்ல பழக்கம். மறுபக்கம் தெரியாத வளைவுகளில், எதிரே ஒரு குழந்தை மிதிவண்டியில் வருவதாகவே எண்ணிக்கொண்டு ஓட்டுங்கள்.

சுரங்கப்பாதைகளிலும் பாலங்களிலும் என்ன முறை?

54, 74 ஆகிய இரண்டு மாநில நெடுஞ்சாலைகள் ஊரை வெட்டிச் செல்கின்றன. அவற்றைக் கடப்பதற்கென்றே பாதைகள் சில இடங்களில் மேலே பாலமாகவும் சில இடங்களில் கீழே சுரங்கமாகவும் அமைந்திருக்கின்றன. சுரங்கத்தின் வாயில் பெரும்பாலும் ஒரு வளைவையோ சரிவையோ ஒட்டி இருப்பதால் உள்ளே யார் இருக்கிறார்கள் என்பது கடைசி நேரத்தில்தான் தெரியும். பகலானாலும் முன்விளக்கைப் போடுங்கள். வாயிலுக்கு முன் ஏறக்குறைய நின்றுவிடும் அளவுக்கு வேகத்தைக் குறையுங்கள். உள்ளே ஏற்கெனவே ஒருவர் இருந்தால் அவர் வெளியேறும்வரை வெளியிலேயே காத்திருங்கள். வெயிலிலிருந்து இருட்டுக்குள் நுழையும் கண்ணுக்குச் சில கணங்கள் எதுவும் சரியாகத் தெரியாது. முதியவர்களின் கண்ணுக்கு அந்த நேரம் இன்னும் நீளும். சுரங்கத்துக்குள் எதிரொலி கேட்பதற்காக ஹாரன் அடிக்கும் பிள்ளைகளை, உள்ளே நாயோடு ஒருவர் நடந்துகொண்டிருக்கலாம் என்று சொல்லித் தடுத்துவிடுங்கள்.

எவ்வளவு வேகத்தில் போகலாம்?

சட்டம் கார்ட் என்று ஏற்றுக்கொள்ளும் வண்டிகளின் உச்ச வேகம் மணிக்கு 20 மைல், அதாவது 32 கிலோமீட்டர். அது அந்த வண்டி எட்டக்கூடிய எல்லை மட்டுமே. ஆட்கள் நடமாடும் பாதையில் அந்த வேகத்தில் போக உங்களுக்கு உரிமை இருக்கிறது என்று பொருளாகாது. மணிக்கு 20 மைல் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 30 அடி நகர்கிறது. ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி ஆகும் என்றால், பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே 30 அடி போய்விடுகிறது. வேகத்தைப் பாதியாக்கினால் மோதலின் ஆற்றல் கால் பங்காகிறது. ஆளில்லாத நேரான பாதையில் வேகமாகப் போவதைப் பற்றி யாரும் குறைசொல்ல மாட்டார்கள். ஏரிக்கரையிலும், விளையாட்டுத் திடல் அருகிலும், வீடுகளின் பின்புறத்தை ஒட்டிச் செல்லும் பாதையிலும் ஓடுபவரின் வேகத்துக்கு இறங்கிவிடுவதே முறை.

சாலையில் கார்ட் ஓட்டலாமா?

குடியிருப்புத் தெருக்கள் பலவற்றில் ஓட்டலாம். ஆனால் நெடுஞ்சாலைகளிலும், நகராட்சி தடைசெய்திருக்கும் தெருக்களிலும் ஓட்டக்கூடாது. தெருவில் ஏறிவிட்டால் காருக்கு உள்ள எல்லா விதிகளும் உங்களுக்கும் பொருந்தும்: நிறுத்தற் பலகையில் முழுமையாக நிற்க வேண்டும், திரும்பும் முன் சைகை காட்ட வேண்டும். பாதை ஒரு சாலையைக் கடக்கும் இடத்தில், காரில் வருபவர் உங்களைப் பார்த்துவிட்டார் என்று அவர் முகத்தைக் கண்டு உறுதி செய்துகொண்ட பிறகே கடக்க வேண்டும். முன்னால் போன கார்ட் கடந்துவிட்டது என்பதற்காக அதன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு கடக்காதீர்கள்.

எந்த வயதில் ஓட்டலாம்?

ஓட்டுநர் உரிமம் பெற்ற 16 வயதினர் தனியாக ஓட்டலாம். 15 வயதில் பழகுநர் உரிமம் பெற்றவர்களும் ஓட்டலாம். அவர்கள் யாரை ஏற்றிச் செல்லலாம் என்பதற்கு நகராட்சி விதிகளில் கட்டுப்பாடு உண்டு என்பதால் அதைப் படித்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள். 12 வயது நிறைந்து 15 வயது ஆகாதவர்கள், பெற்றோரோ தாத்தா பாட்டியோ சட்டப்படியான பாதுகாவலரோ முன்னிருக்கையில் உடன் அமர்ந்திருந்தால்தான் ஓட்டலாம். பக்கத்து வீட்டு அண்ணனோ, கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் அக்காவோ உடன் இருப்பது இந்த விதிக்குப் போதாது.

சட்டம் அனுமதிக்கிறது என்பதாலேயே 12 வயதுப் பிள்ளையிடம் ஓட்டக் கொடுத்தாக வேண்டும் என்பதில்லை. பிரேக் மிதியை அழுத்தும்போது பிள்ளையின் முதுகு இருக்கையைவிட்டு நகர்ந்தால், கால் இன்னும் எட்டவில்லை என்று அறிந்துகொள்ளலாம்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா கார்ட் ஓட்டலாமா?

அவர்களிடம் செல்லத்தக்க உரிமம் இருக்கிறதா, வெளிநாட்டு உரிமத்தை வைத்துக்கொண்டு ஓட்டலாமா என்பதை நகரக் காவல் துறையிடம் நேரில் கேட்டுத் தெளிந்த பிறகு முடிவெடுங்கள். உரிமம் இருந்தாலும், ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும் வண்டியை வலப்பக்கமாக ஓட்டுவது அவர்களுக்குப் புதிது. ஆளில்லாத நேரத்தில் வீட்டருகே பழக்கிவிட்டு, சுரங்கமும் சாலைக் கடப்பும் இல்லாத ஒரு வழியை மட்டும் முதலில் கொடுக்கலாம். பேரப்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு செல்வது அதன்பின் வரட்டும்.

சிறு குழந்தைகளைக் கார்ட்டில் ஏற்றிச் செல்வது பாதுகாப்பானதா?

பெற்றோர் இதை எவ்வளவு பொறுமையாகப் படித்தாலும் தகும். அமெரிக்காவில் கோல்ஃப் கார்ட்டால் காயமடைந்து மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு வரும் குழந்தைகளும் வளரிளம் பருவத்தினரும் ஆண்டுக்குச் சராசரியாக 6,000-க்கும் மேல். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் 12 வயதுக்கு உட்பட்டவர்கள். மோதலைவிட, ஓடும் வண்டியிலிருந்து விழுவதே பெரும்பாலான காயங்களுக்குக் காரணம்.

விழுவதற்குக் காரணம் வண்டியின் அமைப்பிலேயே இருக்கிறது. கார்ட்டுக்குக் கதவு கிடையாது. பல கார்ட்டுகளில் சீட் பெல்ட்டும் கிடையாது. இடுப்பளவில் ஒரு சிறு கைப்பிடிக் கம்பி மட்டுமே உண்டு. அந்தக் கம்பி பெரியவரின் இடுப்பைத் தாங்கும். சிறு குழந்தை வண்டியின் வேகத்தில் நழுவும்போது அதைப் பிடித்து நிறுத்தாது. ஓட்டுபவர் இடப்பக்கம் அமர்ந்திருப்பதால், வண்டி சட்டென்று இடப்பக்கம் திரும்பும்போது வலப்பக்கம் இருப்பவரின் உடல் வெளிப்புறமாகத் தள்ளப்படுகிறது. ஓட்டுபவருக்குப் பிடித்துக்கொள்ள ஸ்டியரிங் இருக்கிறது. அவருக்குத் திருப்பம் வரப்போவதும் முன்பே தெரியும். பக்கத்தில் இருப்பவருக்கு இரண்டும் இல்லை. பின்னோக்கிய இருக்கையில் அமர்ந்திருக்கும் குழந்தையின் நிலை இன்னும் மோசம்: வண்டி திடீரென்று வேகமெடுக்கும்போது, குழந்தை இருக்கையிலிருந்து முன்னால் சரிந்து பாதையில் விழுகிறது. அது விழுந்ததே ஓட்டுபவருக்குச் சில நொடிகள் தெரியாமல் போகலாம்.

ஆகவே சிறு பிள்ளைகள் முன்னோக்கிய இருக்கையில், பெரியவர் ஒருவருக்கு உட்புறமாக அமர வேண்டும். மடியில் வைத்துக்கொண்டு ஓட்டுவது வேண்டாம்; மோதல் ஏற்பட்டால் ஸ்டியரிங்குக்கும் உங்கள் மார்புக்கும் இடையில் நசுங்குவது குழந்தைதான். ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைக் கார்ட்டில் ஏற்றவே வேண்டாம் என்று குழந்தைக் காய மருத்துவர்கள் பலர் அறிவுறுத்துகிறார்கள். இந்த ஊர் வாழ்க்கையில் அதைப் பின்பற்றுவது எளிதன்று என்பது எனக்குத் தெரியும், குறைந்தபட்சம் பின்னிருக்கைக்கு சீட் பெல்ட் பொருத்திக்கொள்ளுங்கள், புறப்படும் முன் “எல்லாரும் பிடிச்சுக்கிட்டீங்களா?” என்று கேட்டுப் பதில் வந்தபின் வண்டியை எடுங்கள். இருக்கைகளுக்கு மேற்பட்ட ஆட்களை ஏற்றுவதும், நின்றுகொண்டு வருவதும், காலை வெளியே தொங்கவிடுவதும் அறவே கூடாது.

சரிவில் இறங்கும்போது வண்டி ஆட்டம் காண்கிறதே, ஏன்?

பெரும்பாலான கார்ட்டுகளில் பிரேக் பின்சக்கரங்களுக்கு மட்டுமே உண்டு. சரிவில் இறங்கும்போது எடை முன்சக்கரங்களுக்குப் போய்விடுவதால், பின்சக்கரங்களின் பிடிப்பு குறைந்து, அழுத்திப் பிரேக் பிடித்தால் பின்பகுதி வழுக்கித் திரும்பும். வளைவும் சேர்ந்தால் வண்டி கவிழலாம். சரிவு தொடங்கும் முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேராக வைத்து இறங்குவதே வழி. ஜார்ஜியாவின் பைன் மர ஊசியிலைகள் மழையில் நனைந்து பாதையில் படிந்திருக்கும் காலத்தில் இந்த எச்சரிக்கை இன்னும் கூடுதலாக வேண்டும். பெரிய டயர் மாட்டி வண்டியை உயர்த்தியவர்களுக்கும் இது பொருந்தும்; உயரம் கூடக் கூடக் கவிழும் வாய்ப்பும் கூடுகிறது.

பள்ளி நேரத்தில் பாதை நெரிசலாக இருக்கிறதே?

மெக்கின்டாஷ் உயர்நிலைப் பள்ளிக்கு மாணவர்கள் கார்ட்டில் வருவது வழக்கம். அவர்களுக்கென்று கார்ட் நிறுத்துமிடமும் உண்டு. காலையில் பள்ளி தொடங்கும் முன்பும் மதியம் விட்ட பின்பும் அந்தப் பக்கத்துப் பாதைகள் நிறைந்துவிடும். நடைப்பயிற்சிக்குச் செல்லும் முதியவர்கள் நேரத்தை அரைமணி தள்ளிவைத்துக்கொண்டால் நிம்மதியாக நடக்கலாம். அதற்காக, பிள்ளைகள் எப்படி ஓட்டினாலும் மற்றவர்கள்தான் தள்ளிப்போக வேண்டும் என்று பெற்றோர் இருந்துவிடக் கூடாது. கைப்பேசியைக் கையில் பிடித்தபடி மோட்டார் வண்டி ஓட்டுவதை ஜார்ஜியா மாநிலம் 2018 ஜூலை முதல் தடைசெய்திருக்கிறது; அந்த ஒழுக்கத்தைப் பிள்ளைகள் கார்ட்டில்தான் முதலில் கற்கிறார்கள். நண்பர்களின் கார்ட்டோடு பந்தயம் விடுவது தெரிந்தால், ஒரு வாரம் சாவியை வாங்கி வைத்துக்கொள்வதில் தயக்கம் வேண்டாம்.

பதிவு, காப்பீடு இரண்டும் வேண்டுமா?

நகராட்சியில் பதிவு செய்து, அவர்கள் தரும் எண்ணை வண்டியில் தெரியும்படி ஒட்ட வேண்டும். வண்டியை வாங்கினாலும் விற்றாலும் பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள். காப்பீட்டைப் பொறுத்தவரை, உங்கள் வீட்டுக் காப்பீடு வீட்டு எல்லைக்கு வெளியே நடக்கும் கார்ட் விபத்துக்குப் பொருந்துமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பொருந்தாது என்றால் தனிக் காப்பீடு எடுப்பதே அறிவுடைமை.

வண்டியின் வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாமா?

வேண்டாம். மணிக்கு 20 மைலுக்கு மேல் 25 மைல் வரை ஓடும் நான்கு சக்கர வண்டிகளை அமெரிக்க நடுவண் அரசு 1998 முதல் குறைவேக வண்டி என்று தனி வகையாக வைத்திருக்கிறது. அவற்றுக்கு சீட் பெல்ட், முன்கண்ணாடி, பக்கக் கண்ணாடி, பிரேக் விளக்கு, இண்டிகேட்டர், வண்டி அடையாள எண் ஆகியவை கட்டாயம். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரை மாற்றி வேகத்தை மட்டும் கூட்டிக்கொண்ட கார்ட், கார்ட்டுக்கான விதிக்குள்ளும் அடங்காது, அந்த வகைக்குரிய பாதுகாப்பும் பெற்றிருக்காது. அதன் பிரேக்கும் பழைய வேகத்துக்கென்று அமைக்கப்பட்டதுதான்.

இரவில் செல்லலாமா?

முன்விளக்கும் பின்விளக்கும் எரிந்தால் செல்லலாம். பாதையின் பெரும்பகுதியில் விளக்குக் கம்பங்கள் இல்லை. மரங்கள் அடர்ந்த இடங்களில் நிலவொளிகூட விழாது. கூரையில் பொருத்தும் எல்இடி விளக்குப் பட்டைகளை எதிரே ஆள் வரும்போது அணைத்துவிடுங்கள், ஏனெனில் அவை எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைத்து அவரைக் குழிக்குள் இறக்கிவிடும். நடப்பவர்கள் கையில் ஒரு சிறு டார்ச்சும், வெளிர்நிற மேலாடையும் வைத்துக்கொள்வது நல்லது. வீடுகளின் படுக்கையறைச் சன்னல்கள் பாதையை ஒட்டியே இருப்பதால் பாட்டுச் சத்தத்தையும் குறைத்துவிடுங்கள்.

நாயோடு நடப்பவர்களுக்கு என்ன முறை?

வாரைக் குட்டையாகப் பிடித்து, நாயை உங்கள் வலப்பக்கம், அதாவது புல்லோரமாக வைத்துக்கொள்ளுங்கள். நீளும் வார் பாதையின் குறுக்கே விரிந்திருந்தால், மாலை வெளிச்சத்தில் மிதிவண்டிக்காரருக்கு அது கண்ணில் படாது. கார்ட்டில் நாயை ஏற்றிச் செல்பவர்கள் அதை உள்ளே பாதுகாப்பாகக் கட்டிவைக்க வேண்டும். ஓடும் கார்ட்டுக்குப் பக்கத்தில் நாயைக் கட்டி ஓடவிடுவது கொடுமை.

மின்மிதிவண்டிகள் கார்ட்டைவிட வேகமாகப் போகின்றனவே?

உண்மைதான். முதல் இரண்டு வகை மின்மிதிவண்டிகளுக்கு மோட்டாரின் துணை மணிக்கு 20 மைல் வரையிலும், மூன்றாம் வகைக்கு 28 மைல் வரையிலும் கிடைக்கும். தன்னைவிட மெதுவாகச் செல்லும் கார்ட்டை முந்தும் மிதிவண்டிக்காரரும், கார்ட் நடப்பவரிடம் காட்ட வேண்டிய அதே பணிவைக் காட்ட வேண்டும். கார்ட்டுக்கும் பாதையோரத்துக்கும் இடையில் வலப்பக்கமாக நுழைந்து முந்துவது மிகவும் ஆபத்தானது. பிள்ளைகளுக்கு மின்மிதிவண்டி வாங்கும் முன் அது எந்த வகை என்று அதன் ஒட்டுத்தாளைப் பார்த்து வாங்குங்கள்.

விருந்தில் ஒரு கோப்பை குடித்துவிட்டுக் கார்ட்டில் வீடு திரும்பலாமா?

கூடாது. குடித்துவிட்டு ஓட்டுவதற்கான சட்டம் கார்ட்டுக்கும் பொருந்தும். ரத்தத்தில் ஆல்கஹால் அளவு 0.08 விழுக்காடு என்ற எல்லையும் அதுவே. கார் இல்லை, கார்ட்தானே என்று எண்ணி வழக்கில் சிக்கினால் அது ஓட்டுநர் உரிமத்தையும், விசாவில் இருப்பவர்களுக்கு அதற்கு மேலானவற்றையும் பாதிக்கக்கூடும்.

இடிமழை வந்தால்?

கார்ட்டின் கூரை மின்னலிலிருந்து காப்பாற்றாது. இடி காதில் விழுந்தவுடனே அருகிலுள்ள கட்டடத்துக்குள் சென்றுவிடுங்கள். மரத்தடியில் கார்ட்டை நிறுத்திக் காத்திருக்காதீர்கள்.

கோல்ஃப் திடலுக்குள் தெரியும் பாதையிலும் செல்லலாமா?

செல்லக்கூடாது. அது அந்தக் கழகத்தின் சொத்து. பந்து பறந்துவரும் இடமும்கூட. குறுக்குவழியாக இருந்தாலும் நகராட்சிப் பாதையையே பின்பற்றுங்கள்.

கார்ட்டை எங்கே நிறுத்துவது?

கடைகளுக்கு முன் கார்ட்டுக்கென்று குறிக்கப்பட்ட இடத்தில் நிறுத்துங்கள். தொலைபேசி அழைப்பு வந்தால்கூடப் பாதையின் நடுவில் நிற்காமல் புல்லில் இறங்கி நில்லுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான இடத்தின் கோடிட்ட பகுதியில் கார்ட் எளிதாக அடங்கிவிடும் என்பதற்காக அங்கே நிறுத்தாதீர்கள். சக்கர நாற்காலியை வேனிலிருந்து இறக்குவதற்காக ஒதுக்கப்பட்ட இடம் அது.

வேறு ஊர்களிலும் இதே விதிகள்தானா?

இல்லை. ஃப்ளோரிடாவின் தி வில்லேஜஸ், அரிசோனாவின் சன் சிட்டி போன்ற ஊர்களிலும் கார்ட் அன்றாட வண்டியாகவே இருக்கிறது, ஆனால் வயதுவரம்பும் சாலை அனுமதியும் மாநிலத்துக்கு மாநிலம், ஊருக்கு ஊர் மாறும். ஃப்ளோரிடாவில் முன்பு 14 வயதினரும் உரிமமின்றி ஓட்டலாம் என்றிருந்தது. 2023 அக்டோபர் 1 முதல் 15 வயதினருக்குப் பழகுநர் உரிமமும், 16, 17 வயதினருக்குப் பழகுநர் உரிமமோ ஓட்டுநர் உரிமமோ கட்டாயமாக்கப்பட்டுள்ளது. விடுமுறைக்குப் போன இடத்தில் வாடகைக் கார்ட்டின் சாவியைப் பிள்ளையிடம் நீட்டும் முன் அந்த ஊர் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒருவர் ஆபத்தாக ஓட்டுகிறார், அல்லது மோதிவிட்டார். என்ன செய்வது?

யாருக்கேனும் காயம் என்றால் உடனே 911-ஐ அழையுங்கள். பாதைக்குத் தெருப்பெயர் இருக்காது என்பதால், அருகிலுள்ள பாலம், சுரங்கம், பள்ளி, ஏரி என்று அடையாளம் சொல்லுங்கள். கைப்பேசி வரைபடத்தில் இருக்கும் இடப்புள்ளியைப் படித்துச் சொன்னாலும் அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். கழுத்திலோ தலையிலோ அடிபட்டவரைத் தூக்கி உட்காரவைக்க முயலாதீர்கள். காயம் இல்லையென்றாலும் இரு தரப்பும் பெயரையும் பதிவெண்ணையும் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

மோதல் இல்லாமல் முரட்டுத்தனம் மட்டும் என்றால், வண்டியில் ஒட்டியிருக்கும் எண்ணையும் நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொண்டு காவல் துறையின் அவசரமல்லாத எண்ணுக்குத் தெரிவியுங்கள். துரத்திச் சென்று சண்டையிடுவது வேண்டாம். ஓட்டியது தெரிந்த வீட்டுப் பிள்ளை என்றால், அன்று மாலையே அந்தப் பெற்றோரிடம் நேரில் போய், நடந்ததை நடந்தபடி, கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். பெரும்பாலான பெற்றோர் கேட்டுக்கொள்வார்கள். உங்கள் வீட்டு வாசலுக்கு அப்படி ஒருவர் வந்து நின்றால், பிள்ளைக்குப் பரிந்து பேசும் முன் அவரை உள்ளே அழைத்து, பிள்ளையையும் உடன் உட்காரவைத்து, முழுதாகக் கேளுங்கள்.